கசாயத்தை மறைக்காத மாதப்பன்

பென்னாகரம் கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "அவரு போயிட்டாருங்க" என்றார் தொலைபேசியில் காவேரி அம்மையார். அவருடைய கணவர், நல்லம்பள்ளி மாதப்பன், மறைந்தார். இவ்வட்டார மேடைகளில் முழங்கிய எங்கள் குரல்கள் அவர் கட்டிய ஒலிபெருக்கி வழியாகவே உங்கள் செவியை எட்டின, தோழர்களே!

கம்பத்தில் வெறுங்காலோடுதான் ஏறுவார். உள்ளங்காலில் கரும்புள்ளி தோன்றியபோது கால் ஆணி என்றே எண்ணி, பிளேடால் சீவிச் சீவி ஓராண்டைக் கழித்தார். நானும் அப்படியே நம்பினேன். தொடையிடுக்கில் கட்டி கண்ட பிறகே அது தோல் புற்றுநோய் என்றும், நுரையீரல் வரை பரவிவிட்டது என்றும் தெரிந்தது.

பெங்களூர் மருத்துவமனை ஒன்றில் புதிய மருந்துக்கான ஆய்வில் சேர அழைத்தார்கள். ஒப்புதல் படிவத்தை அவர் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன்.

"மெதுவாங்க! தெருவுக்கே கேக்குது. மைக் செட்டே வேணாம் உங்களுக்கு" என்று சிரித்தார்.

வேறு மருந்து உட்கொள்வதுண்டா என்றொரு வினா. வத்தல்மலை வேர்க்கசாயத்தை அவர் குடித்துவந்தார். சொன்னால் தள்ளிவிடுவார்களோ என்று அஞ்சி, "இதைச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"மேடையில வாய்மை வாய்மைன்னு கத்தறீங்க, வூட்டுக்குள்ள வந்தா மறைக்கச் சொல்றீங்களே தலைவரே! கசாயத்துல கட்டி கரைஞ்சா, மருந்துல கரைஞ்சதுன்னு எழுதிக்குவாங்க. எனக்குப் பின்னால வர்றவன் ஏமாந்துட மாட்டானா?"

மறுநாள் மருத்துவரிடம் கசாயப் புட்டியையே நீட்டினார். அந்தப் பெண் மருத்துவர் சினக்கவில்லை. "இதை நிறுத்திட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க. மறுபடியும் சோதிச்சுட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார். அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டப் போய்விட்டார்.

சேர்த்துக்கொண்டார்கள். கட்டிகள் சுருங்கின. மகள் திருமணத்தில் முன்வரிசையில் அமர்ந்து, "சத்தம் பத்தல, ஏத்துடா!" என்று அதட்டினார். இரண்டாண்டுகளுக்குப் பிறகு நோய் மூளையை எட்டியது. மருந்து அங்கே தோற்றது. "எங்க கேட்டுச்சு, எங்க கேக்கல, ரெண்டையும் எழுதிக்குங்க டாக்டரம்மா" என்பதே மருத்துவமனையில் அவர் கடைசியாகச் சொன்னது. எழுதிக்கொண்டார்கள். ஆய்வு தொடர்கிறது. அவருக்குப் பின்னால் வருகிறவர் ஏமாற மாட்டார்.

வாய்மையைப் பற்றி எத்தனையோ மேடைகளில் முழங்கினேன். இழப்பு வரும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்லும் நெஞ்சுரத்தை மாதப்பனிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆகவேதான், மறைக்கச் சொன்னவன் நானே என்பதை உங்கள் முன் எழுதியிருக்கிறேன்.