பேச்சி அக்காவின் ஏலக்காய்ப் புகை

“...நெஞ்சுல கட்டிக் கெடக்குற சளிக்கு, ரத்தத்த எடுத்து என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாக தம்பி? பிள்ளையே ஓணான் கணக்கா இருக்கா!”

போடியில் ஒரு லேபில், எல்லோர் காதிலும் விழும்படி இப்படிக் கேட்டவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பேச்சி அக்கா. ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிறவர். அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, என் ஆறு வயது மகள் தாமரையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். ஊசி குத்தியதும் அழுதது... தாமரை இல்லை, அக்கா!

தாமரைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். சொறிந்து சொறிந்து தோல் தடித்துவிட்டது. மலையிலிருந்து பனி இறங்கினால் வீசிங் வேறு. கரப்பானுக்குத் தனியாக, இளைப்புக்குத் தனியாக என்று நானும் மனைவியும் வைத்தியம் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அக்காவும் கூடவே இருக்க, ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: “ரத்தத்துல அலர்ஜியக் காட்டுற ஈசினோஃபில், ஐஜிஇ – ரெண்டுமே ஏறியிருக்கு. வயித்துல பூச்சி இருந்தாலும் ஏறும். இதை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டேன். தோல், மூச்சு எல்லாம் சேர்த்துப் பார்த்தா அலர்ஜிதான். கரப்பான், இளைப்பு ரெண்டுக்கும் வேர் ஒண்ணு. வீட்ல புகை உண்டா?”

“பீடி, சிகரெட் வாசமே கிடையாது டாக்டர்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“பேச்சி அத்தை தெனமும் போடுவாங்களே!” என்றாள் மகள்.

அட! எனக்கு அது புகையாகவே தோன்றவில்லை, பாருங்கள். குடோனில் ஒதுங்கும் ஏலத்தொலியை, அதான் காயின் மேல்தோலை, முந்தானையில் முடிந்து கொண்டுவருவார் அக்கா. சாயங்காலம் சட்டியில் கங்கு போட்டு, சாம்பிராணியோடு அந்தத் தொலியையும் தூவி, பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே காட்டுவார். சளி இளகுமாம். தெருவே மணக்கும். பிள்ளை இருமுவாள். இருமினால்... “சளி பெயருது” என்று இன்னொரு கைப்பிடி!

அக்காவின் முகம் சுண்டிப்போனது. “அப்ப நாந்தேன் பிள்ளைக்கு மூச்சு முட்ட வச்சேனா, ஆத்தா?”

“நோய் உங்களால வரலம்மா. புகை அதைக் கிளறிவிடும். நிறுத்திருங்க, போதும்.” இன்ஹேலரும் தோலுக்குக் களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒரு டியூப் ரத்தத்துக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். யாரையும் குத்தாமல் சொன்ன டாக்டரம்மாவுக்கும்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம். கெட்ட பழக்கத்தை விடச் சொன்னால்கூடக் கேட்பார்கள். பாசமாகச் செய்ததை வேண்டாம் என்றால் யாருக்குத்தான் மனசு நோகாது? அதற்கப்புறம் அக்கா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. தாமரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் சாம்பிராணி போடாத வீடு கிடையாது. அவசரமாக ஜன்னலைச் சாத்தப் போனேன். வெளியே அக்காவின் குரல்.

“ஏய் பாண்டியம்மா, சட்டியத் தூக்கிக்கிட்டு எங்கிட்டு வர்ற? தாமரைக்கு ஆகாதுடி. ரத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு! வெரசா அணை!”

கையில் தண்ணீர்ச் சொம்பு. வீடு வீடாக ஏறி இறங்கினார். கடைசி வீட்டுச் சட்டி நெருப்பையும் அணைத்துவிட்டு வந்தவர், நான் பாதி சாத்தியிருந்த ஜன்னல் கதவை வெளியிலிருந்தே இழுத்து, அகலத் திறந்துவிட்டார்.