வண்டியை விட்டு இறங்காத மாப்பிள்ளை

அரசாங்க வேலையில் இருக்கிற ஆளை யாராலும் நீக்க முடியாது என்பதைத்தான் என் மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போது பெரிய தகுதியாகச் சொன்னார்கள். "கழட்டவே முடியாத வேலைங்க" என்றார் தரகர். கழட்ட முடியாததெல்லாம் உறுதி ஆகிவிடாது, துருப்பிடித்த திருகும் கழலாது என்றேன் நான். கூடத்தில் இருந்த பதினான்கு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. கல்யாணம் நடந்தது.

ஆரணியில் பட்டு நூல் கொடுத்து சேலை நெய்து வாங்குகிற தொழில் எனக்கு. இருபத்திரண்டு தறிகள் என் நூலில் ஓடுகின்றன. எங்கள் தொழிலில் ஆளை நீக்க உத்தரவு ஏதும் கிடையாது. நெசவாளி முடித்த சேலைகளைக் கொண்டுவந்து வைப்பார், அடுத்த சேலைகளுக்கான பாவு நூலை வாங்கிப் போவார். வேண்டாத ஆளிடம், "பாவு இன்னும் வரல, சொல்லி அனுப்பறேன்" என்போம். சொல்லி அனுப்ப மாட்டோம். அது அவருக்கும் தெரியும். கை சுத்தமான ஆள் என்றால் அடுத்த தெருவில் வேறொருவர் பாவு கொடுத்துவிடுவார். சுத்தமில்லை என்றால் கொடுக்க மாட்டார். இதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை.

அரசாங்கமும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற நெசவாளியின் வேலையை எந்தச் சட்டமும் காப்பதில்லை. அந்த வரியில் சம்பளம் வாங்குகிறவனுக்கு மட்டும் எதற்குக் காவல்? இதை நான் டீக்கடையில் சொல்லாத நாள் குறைவு. அங்கே எனக்கு எதிர்க்கட்சி, சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். பெரணமல்லூர் பக்கம் ஒரு சேரியில், நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்து படித்து வந்தவர்.

"கட்சி மாறும்போதெல்லாம் ஆள மாத்திகினே இருந்தா ஆபீஸ் இன்னா ஆவும் சார்?" என்றார் ஒரு முறை.

"மந்திரி தூக்கிக் குடுக்கற அளவுக்கு இத்தன வேலையே இருக்கக் கூடாதுங்கறேன்."

"அது சரி. உங்க இருவத்திரண்டு தறியில எங்க ஆளுங்க எத்தினி பேர் உக்காந்துகினு இருக்காங்க? நீங்கதான் எல்லாத்தையும் எண்றவராச்சே, எண்ணுங்களேன்."

எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒருவரும் இல்லை.

"சர்க்காருதான் எங்கள உள்ள வுட்டுச்சி. மூஞ்சி புடிக்கலன்னு உங்கள மாதிரி யாரும் வெளிய தள்ளிடக் கூடாதுன்னு பூட்டும் போட்டுச்சி. அந்தப் பூட்டத்தான நீங்க ஒடைக்கச் சொல்றீங்க?"

இரண்டு டீக்கும் நானே காசு கொடுத்தேன். என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

சேவூரில் ஒரு முதியவர் எனக்கு நெய்துகொண்டிருந்தார். கை நடுங்க ஆரம்பித்துக் கரை கோணியது. பாவு வரவில்லை என்றேன். போய்விட்டார். வேறு யாரும் அவருக்குப் பாவு கொடுக்கவில்லை. முதியோர் உதவித்தொகை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்த்து எழுதுகிற வேலை என் மருமகனுடையது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிடும்போது மருமகன் இதைத் தமாஷாகச் சொன்னார்:

"சேவூர்ல ஒரு தெருவுக்குள்ள வண்டிய வுட்டேன் மாமா. ஒரு தறி சத்தம் இல்ல."

நெசவுத் தெருவில் ஒருவர் இறந்தால், எடுத்துக்கொண்டு போகும்வரை அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. மருமகனும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைதான். சத்தம் இல்லை என்றால் சாவு என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"பந்தலும் போட்டிருந்திச்சி. அந்தத் தெருவுல நம்ம லிஸ்ட்ல இருக்கறது ஒரே ஒரு கெழவன். வேற யாரு செத்திருக்கப் போறாங்க? எறங்கினா அப்புறம் வீட்டுக்குப் போயி தலைக்குக் குளிக்கணும். வண்டியில உக்காந்துகினே 'இறந்துவிட்டார்'னு எழுதிட்டு வந்துட்டேன்."

என் மகள் சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

இறந்தது அடுத்த வீட்டு அம்மாள். பணம் நின்றுபோனதும் கிழவர் அலுவலகத்துக்குப் போனார். "பெரியவரே, சிஸ்டத்துல நீங்க செத்துட்டீங்க. உசுரோட இருக்கறீங்கன்னு சர்டிபிகேட் வாங்கினு வாங்க" என்றார்களாம். "அப்ப இங்க நிக்கறது யாருங்க?" என்று கேட்டாராம். "அது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றதும் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம்.

அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார்.

"மொதலாளி, ஒரே ஒரு பாவு குடுங்க. அந்த ஆபீஸ் படியே மிதிக்க மாட்டேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி வேட்டியில் சிந்தியது. "இந்தக் கைக்கு எப்படிய்யா பட்டு குடுக்கறது?" என்றேன். பிறகு, எழுதியது யார், எப்படி எழுதினார் என்பதைச் சொன்னேன். "மேல புகார் குடு. வண்டிய விட்டே எறங்கலன்னு என் காதுபடச் சொன்னாரு. நான் வந்து சாட்சி சொல்றேன்."

கிழவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பாவு குடுக்க மாட்டீங்க, சாட்சி மட்டும் குடுப்பீங்க. உங்க மருமவன கேக்கறதுக்கு மேல ஒருத்தராவது இருக்காரு. உங்கள கேக்க யாரு இருக்காங்க மொதலாளி?"

"நான் ஊரான் காசுல தொழில் பண்ணல" என்றேன். அந்தப் பதிலில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை.

புகார் போனது. மருமகனைத் தற்காலிகமாக நீக்கினார்கள். அதாவது, பாதிச் சம்பளத்தோடு வீட்டில் உட்கார வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் எழுதினேன் என்று அவர் பதில் கொடுத்தார். இல்லை என்று சொல்ல என்னைத் தவிர ஆள் கிடையாது. வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டு அது. விசாரணைக்கு வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்ததும் மகள் வந்தாள்.

"பா, பொய் சொல்ல வேணாம். ஞாபகம் இல்லன்னு சொல்லு, போதும்."

"ஞாபகம் இருக்கே."

"அவருக்கு வேல போச்சின்னா?"

"கை காலு நல்லாத்தான இருக்கு. வேற வேல தேடிக்கட்டும். ஊரே அப்படித்தான் பொழைக்குது."

"டீக்கடையில நீ ஜெயிக்கணும். அதுக்கு என் வாழ்க்கதான் கெடச்சிதா?"

அவள் காபியைக் குடிக்காமலே போனாள்.

விசாரணை அறையில் ஐந்து நாற்காலிகள். எனக்கு நேர் எதிர் நாற்காலியில் மருமகன். நடந்ததைச் சொன்னேன். என்னைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு உரிமை உண்டாம்.

"மாமா, சாப்பிடும்போது தமாஷுக்குச் சொன்னதையெல்லாம் சாட்சின்னு சொல்றீங்களா?"

"ஆமாங்க மாப்ள."

"அரசாங்க ஊழியருங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பணும்னு நீங்க டீக்கடையில பேசறது உண்டா இல்லையா?"

"உண்டு."

விசாரணை அதிகாரி பேனாவை மூடினார். என் சாட்சி எடுபடாது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், போளூர் பக்கம் மாறுதல். தண்டனை அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தையும் பணிக்காலமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். உத்தரவு வந்த அன்று அவருடைய அலுவலக நண்பர்கள் டீக்கடையில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். சுகாதார ஆய்வாளர் எனக்கு நீட்டப்பட்டதையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். கிழவருக்கு உதவித்தொகை திரும்ப வர ஆரம்பித்தது. நின்றுபோன மாதங்களுக்கு உரியது பரிசீலனையில் இருக்கிறது.

அடுத்த வாரம் என் மகள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் குழந்தை.

"எத்தன நாளைக்கும்மா?" என்றேன்.

"தெரியலப்பா. என்னை யாரும் விசாரிக்கல. 'உங்கப்பன் வீட்டுக்குப் போ'ன்னாரு. அவ்ளோதான்."

போனை அவர் எடுக்கவில்லை. சொந்தக்காரர்களை அனுப்பினேன். காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். குழந்தை அப்பா எங்கே என்று கேட்கிறது. மகள் என்னோடு பேசுவதில்லை, சாப்பாட்டை மட்டும் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போகிறாள். கடைசியில் நானே கிளம்பி, அவர் மாறிப் போயிருந்த அலுவலகத்துக்குப் போனேன்.

பெஞ்சில் எனக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருமகன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். ஏழு பேரும் ஒவ்வொருவராகப் போய்வந்த பிறகு நான் எழுந்து ஜன்னலருகே நின்றேன்.

"மாப்ள, பொண்ணையும் கொழந்தையையும்..."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"பெரியவரே, எதுவா இருந்தாலும் மனுவா எழுதிக் குடுங்க. பாக்கலாம்."

எனக்குப் பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். நகர்ந்து, மறுபடி பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். அவரை என்னால் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன்.