பேர் போடும் நேரம்

ஜெயலக்ஷ்மியும் அவள் கணவர் சீனிவாசராகவனும் அந்த விண்வெளித் தொடரை முதல் தடவை பார்த்தபோது, ஒவ்வொரு பகுதியின் ஆரம்பத்திலும் பேர் போடுகிற இடத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. இசை தொடங்கியதுமே 'ஸ்கிப்' அமுக்கிவிட்டுக் கதைக்குப் போய்விடுவார்கள்.

அப்புறம் குளுக்கோமா அவர் பார்வையை மொத்தமாக எடுத்துக்கொண்டது. ஜெயநகர் வீட்டில் டிவி ஓடுவதே நின்றுபோனது. ஜெயலக்ஷ்மி பொதுப்பணித்துறையில் கட்டட வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவள். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தான் மட்டும் பார்ப்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

ஒரு சாயங்காலம் அவரே கேட்டார். "அந்தக் கப்பல் கதையை மறுபடியும் போடேன். வசனம் காதுல விழுமோல்லியோ?"

இசை வந்தது. அவள் ரிமோட்டை எடுத்தாள்.

"தள்ளாதே, இரு. மியூசிக் நன்னா இருக்கே! என்ன காட்டறான்?"

"ஒரே இருட்டு. ஸ்வல்பம் இருங்கோ... வட்டமா ஒரு ஜன்னல். உள்ளே கண்ணாடிக் குடுவை. அதுல மண்ணு, மண்ணு மேல ஒரு விதை. யாரோ தண்ணி விடறா, கை நிழல் மட்டும் விழறது. சின்னக் கொழந்தை கை. இப்போ ஜன்னல் பின்னாடி போறது... கப்பல் தெரியறது... அம்மாடி! ஏன்னா, கப்பலே கடுகாட்டம் ஆயிடுத்து. சுத்தி அத்தனையும் நட்சத்திரம்!"

அதன் பிறகு தினமும் ஒரு பகுதி; பேர் போடுவதையும் அவருக்குச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் சொன்னதையே அவளும் திரையைச் சரியாகப் பார்க்காமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தவள், "குடுவையில ரெண்டு இலை" என்றாள்.

"இலையா? விதைன்னு சொன்னியே?"

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதல் பகுதிக்குத் திரும்பிப் போனாள். விதை. அடுத்ததில் விதை வெடித்திருந்தது. அதற்கடுத்ததில் நூல் மாதிரி ஒரு வேர். வரைபடம் பார்க்கிற கண்ணோடு திரைக்குக் கிட்டே போய் நின்றாள்.

"ஏன்னா, கையும் வளர்றது! இதுல வளையல் போட்டிருக்கா."

கதையில் அந்தக் குடுவையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கப்பலில் சண்டை நடந்தது, தலைவர்கள் மாறினார்கள், மனிதர்கள் செத்தார்கள். இதற்கெல்லாம் நடுவே யாரோ ஒருத்தி வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பகுதி வந்தது. கப்பல் என்ன ஆயிற்று என்று சொல்லாமலே கதையை முடித்துவிட்டார்கள் என்று முன்பு அவர் அதைத் திட்டித் தீர்த்திருந்தார். இசை தொடங்கியது. நாலு வார்த்தை சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்டே?"

"ஏன்னா, குடுவை இல்லே. ஜன்னலும் இல்லே. செடி தரையில நிக்கறது. இல்லே, செடி இல்லே, மரம். காமிரா பின்னாடி போறது... மேலே ஆகாசம். நெஜ ஆகாசம், மேகத்தோட."

அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்போ கப்பல் கரை சேர்ந்துடுத்தா?"

"சேர்ந்துடுத்து. நாமதான் பார்க்காம தள்ளிட்டோம்."

"அந்தக் கை?"

"காணோம். மரத்தடியில நிழல்தான் இருக்கு. மர நிழல்."

கதை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்கவில்லை. அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"மறுபடியும் போடு, ஜெயா. மரம் எவ்வளவு ஒசரம்னு சொல்லு."