என் கார்டில் வந்த தாய்மாமன் சீர்

என் மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவன் பாகூரில் இருக்கும் என் தம்பி. அப்போது அவன் கையில் சல்லிக்காசு இல்லை. சேதராப்பட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் சம்பளக் கணக்கோடு ஒரு கிரெடிட் கார்டும் கிடைத்திருந்தது. அது அவனுக்குத் தெரியும்.

"வெறுங்கையோட வந்தா உன் மாமியார் வூட்டுல காறித் துப்புவாங்கக்கா. கார்டக் குடு. மாசா மாசம் நான் கட்டிடுறேன்" என்று அழுதான். துப்பினால் என் மேலும்தானே தெறிக்கும்? கொடுத்தேன்.

பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வெள்ளிக் கொலுசு. மினி லாரியில் ஏற்றி, மேளம் அடித்து, பட்டாசு வெடித்து எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்தான். மைக்கில் அவன் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "தம்பின்னா இவன்தான் தம்பி" என்றாள் என் நாத்தனார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இவனுக்கு ஏது இவ்வளவு பணம் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, சீட்டு எடுத்தான் என்றேன்.

இரண்டொரு தவணை கட்டினான். பிறகு என் போனையே எடுக்கவில்லை. கார்டு கொடுத்த பேங்கின் வசூல்காரன் என்னைத் திட்டினான். கம்பெனிக்கே போன் போட்டு சூப்பர்வைசரிடமும் சொன்னான். கடைசியில், பாதிக்குக் கொஞ்சம் மேலே கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்றான். காதில் கிடந்ததை விற்றுக் கட்டினேன். தொலைந்தது சனியன் என்று நினைத்தேன்.

பிளஸ் டூ முடித்த மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது. சின்ன வயதிலிருந்து அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. கல்விக் கடனுக்காக வில்லியனூரில் ஒரு பேங்குக்குப் போனோம். அவள் அப்பாவுக்குக் குத்தகைக் கரும்பு, சம்பளச் சீட்டு ஏது? என் பெயரைத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"கார்டு கடனை முழுசா கட்டலியேம்மா. கொறச்சுக் கட்டி முடிச்சதா காட்டுது. சிபில் ஸ்கோர் ரொம்பக் கம்மி. தர முடியாது."

எந்தக் கார்டு என்று மகள் கேட்டாள். அங்கேயே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

தம்பி வீட்டுக்கு ஓடினேன். "முதல் ஃபீசையாவது கட்டுடா, சீட் போயிடும்" என்று கெஞ்சினேன். அவன் சோற்றிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை.

"செஞ்ச சீரு உன் வூட்டுலதானே கெடக்குது? வித்துக்க. தாய்மாமன் சீருக்குக் கணக்குக் கேக்குற அக்கா உலகத்துலயே நீ ஒருத்திதான்."

அவன் பெண்டாட்டி அவனுக்கு மோர் ஊற்றினாள். கட்டையில போறவனே, நீ நல்லா இருப்பியாடா என்று தெருவே கேட்கத் திட்டிவிட்டு வந்தேன். திட்டி என்ன? சீட் போய்விட்டது.

இப்போது என் மகள் பிள்ளையார்குப்பம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிறாள். அவளோடு பள்ளியில் படித்தவள் ஒருத்தி வெள்ளை உடுப்பில் நின்று, "இங்க ஈரமா இருக்கு, தொடச்சிடு" என்கிறாளாம்.

சம்பளக் கணக்கு தொடங்கியதும் அவளுக்கும் ஒரு கார்டு வந்தது. எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ, தீபாவளிக்குத் தம்பி இனிப்புப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தான். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"பாப்பா, மாமனுக்கு ஒரே ஒரு தரம் உன் கார்டக் குடும்மா. பையனுக்குக் காலேஜ் ஃபீசு கட்டணும்."

விளக்குமாற்றை எடுக்க நான் எழுந்தேன். மகள் கோபப்படவே இல்லை. அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மாவக் கேளு மாமா. உனக்குன்னா அது எத வேணா குடுக்கும். என்னையே குடுத்துச்சு."