அம்மாவின் காதுக்கு அக்கா செய்த பெட்டி

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், எங்கள் வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எழுத உட்காரும் முன்பே எனக்குக் கவலை பிடித்துவிட்டது. அட்டைப் படத்தில் அக்காவின் முகம் சற்று வெளுத்துப்போய்விட்டதோ, நன்றி சொல்லும் இடத்தில் யாரையாவது விட்டுவிடுவேனோ, அச்சகத்தார் சொன்னபடி தருவார்களோ என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன். என்னை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அக்கா இருந்திருந்தால், "இவன் பயந்தே அச்சடிச்சிருவான்லா" என்று கேலி செய்துவிட்டு, வேலை முழுவதையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்திருப்பார்.

அக்கா பினாங்கு டத்தோ கிராமாட்டில் ஒரு வாடகை வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருவன்தான். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப் பள்ளிக்கு முந்தைய ஓராண்டுப் புகுமுக வகுப்பு என்று படித்து வந்த அக்கா இடைநிலைப் பள்ளியின் கடைசித் தேர்வை எழுதிய ஆண்டில் அப்பா மாரடைப்பில் காலமானார். தேர்வு முடிந்த கையோடு அக்கா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா பள்ளிக் கேன்டீனில் சமைத்தார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று அலைந்து அக்கா முதலில் டிப்ளோமாவும் பிறகு பட்டமும் பெற்றார். ஒலியைப் பெருக்கும் மின்சுற்றுகளை வடிவமைக்கும் பிரிவில் பொறியாளராகி, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். என்னைப் படிக்க வைத்ததும் அவரே. திருமணப் பேச்சை யார் எடுத்தாலும் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். கடைசி வரை அம்மாவோடுதான் இருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த முடிவானாலும் அக்கா முதலில் அம்மாவிடம் சொல்வார். அம்மா உடனே, "வேணாம்" என்பார். அக்கா மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னபோது, "வேணாம், மழையில வழுக்கும்" என்றார். அக்கா வாங்கினார், ஆனால் மழை நாளில் தொழிற்சாலை பஸ்ஸில் போனார். அடுக்குமாடியின் உச்சியில் கடல் தெரியும் வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தபோது, "வேணாம், லிப்ட் கெட்டா யாரு ஏறுறது?" என்றார். அக்கா இரண்டாம் மாடியில் வாங்கினார். இதைப் பார்த்த உறவினர்கள் அம்மா எதற்கும் முட்டுக்கட்டை போடுகிறவர் என்று நினைத்தார்கள். அக்கா அப்படி நினைக்கவில்லை.

தொழிற்சாலையில் என்னதான் செய்கிறாய் என்று ஒரு கல்யாண வீட்டில் சித்தி கேட்டபோது அக்கா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "சத்தத்தப் பெருசாக்க யாராலயும் முடியும் சித்தி. பெருசானதுக்கு அப்புறம் அது கோணாம இருக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். பிழை இருந்தால் அக்காவின் அலுவலக நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மைக்கிலிருந்து மிக மெல்லிய மின் அலை ஒன்று வருகிறது. ஆம்பிளிஃபயர் எனும் பெருக்கி அதை வாங்கி, மின்சாரத்திலிருந்து பலம் எடுத்து, அதே வடிவத்தில் பெரிய அலையாக வெளியே விட வேண்டும். அந்த 'அதே வடிவத்தில்' என்பதில்தான் வில்லங்கம். டிரான்சிஸ்டர் சிறிய அலையை ஒரு மாதிரியும் பெரிய அலையை வேறு மாதிரியும் பெருக்கும். சூடேறினால் இன்னொரு மாதிரி. அலையின் உச்சி நசுங்கி, குரல் கரகரக்கும். அதனால் வெளியே வருவதில் ஒரு சிறு பங்கை எடுத்து, உள்ளே வருவதிலிருந்து கழியும்படி திருப்பி அனுப்புகிறார்கள். வெளியே போவது எங்கேயாவது கோணினால் அந்தக் கோணல் உடனே குறைக்கப்படும். சத்தத்தின் அளவு கொஞ்சம் இறங்கும். ஆனால் உள்ளே போனதுதான் வெளியே வரும். இதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர். "நம்ம வீட்டுல அந்த வேலைய அம்மா பாக்குறாங்க. அவங்க வேணாம்னு சொல்லலன்னா நான் எங்கயோ போய் முட்டியிருப்பேன்" என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஓய்வு பெற்றபின் அக்காவின் கழுத்தில் புற்றுக் கட்டி தெரிந்து, தைராய்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதில் குரலுக்குப் போகும் நரம்பு பழுதுபட்டது. காற்றோடு கலந்த ஒரு மெல்லிய குரல்தான் மிஞ்சியது. அம்மாவுக்கோ காது மந்தம். கண் பார்வையும் மங்கிவிட்டதால் எழுதிக் காட்டவும் வழியில்லை. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். உள்ளே விசிலடிக்கிறது என்று கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார். அக்கா காதோடு வாய் வைத்துப் பேசினாலும், "ஊதாதடி, கூசுது" என்பார்.

ஆகவே இடையில் நான் நின்றேன். எதிர்க்கரைச் செபராங் ஜெயாவிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி நாள்தோறும் வருவேன். ஒரு நாள் அக்கா, "அடுத்த வாரம் ஸ்கேன் இருக்குன்னு அம்மாட்ட சொல்லு" என்றார். நான் அம்மாவின் காதருகில் குனிந்து, "அம்மா! அக்காவுக்கு அடுத்த வாரம் ஸ்கேன்! பயப்படாதீங்க! ஒண்ணும் இருக்காது!" என்று கத்தினேன். அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நான் பயப்படாதீங்கன்னு சொன்னேனாடா? உள்ள போனது ஒண்ணு, வெளிய வர்றது ஒண்ணு. நீ ரொம்ப மோசமான ஆம்பிளிஃபயர்லா."

ஸ்கேன் முடிவு வந்தது. நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. இன்னொரு சிகிச்சை உண்டு, அதன் வேதனை அதிகம், பயன் குறைவு என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அக்கா வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார். நான் காடியை ஓட்டி வீடு திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "இத அம்மாட்ட நான்தான் சொல்லணும். என் வாயால. நீ ஒரு வார்த்த பேசக் கூடாது."

அன்று முதல் எனக்கு உறக்கம் போயிற்று. அக்காவின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. முழுவதும் போய்விட்டால் என்ன செய்வது? அம்மா என்னிடம் கேட்டுவிட்டால் எந்த முகத்தோடு நிற்பது? ஆசிரியர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றைக் கடையில் வாங்கி வந்தேன். அக்கா பேசினார். அம்மா முகத்தைச் சுளித்தார்.

"யாருடா இவ? பாசார் மாலாம் சந்தைல மருந்து விக்கிறவ மாதிரி கத்துறா. எடுத்துட்டுப் போ."

அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "சத்தம் இருக்கு, நான் இல்ல" என்றார். மறுநாள் காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, தம் பழைய சாமான் பெட்டியைத் திறந்துவிட்டார். ஒரு மைக், ஒரு சின்னச் சுற்று, அம்மாவின் காதை மூடும்படி ஒரு ஹெட்ஃபோன். ஈயத்தை உருக்கி ஒவ்வொன்றாக ஒட்ட வைத்தார். "பசியாறிட்டுச் செய்யேன்க்கா" என்று நான் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பெட்டி தயாரானதும் அம்மாவின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, அக்கா பொத்தானை அழுத்தினார். வீல் என்று ஒரு ஊளை. எதிரில் நின்ற எனக்கே கேட்டது. அம்மா அலறிப் பிடுங்கி எறிந்தார். "ஐயோ, என்னடா இது, ஆம்புலன்ஸா? வேணாம், எனக்கு வேணாம்!"

நான் ஹெட்ஃபோனைத் தரையிலிருந்து எடுத்தேன். அக்கா சுற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு சத்தமே வராமல், கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். "சிப்போட மைனஸ் கால்ல போட வேண்டிய கம்பிய பிளஸ்ல போட்டுட்டேன்டா. புது ஆளுங்க இதச் செஞ்சா எத்தன தடவ திட்டியிருப்பேன்!" கழிய வேண்டியது கூடிவிட்டது, கூடியது மறுபடி உள்ளே போய் இன்னும் கூடி, ஊளையாகிவிட்டது. அவர் சிரித்தார். எனக்கோ அழுகை முட்டியது. அந்தப் பிழையை அக்கா செய்து நான் பார்த்ததே இல்லை.

கம்பியை மாற்றிவிட்டார். ஆனால் அம்மா ஹெட்ஃபோனைத் தொடவே மறுத்தார். பக்கத்து வீட்டுப் பரீதா அக்காவைக் கூப்பிட்டோம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவர்கள் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை. எங்கள் வீட்டுக்குக் குழம்பு வராத நாள் குறைவு. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தாமே முதலில் மாட்டிக்கொண்டார்.

அக்கா மைக்கில், "பரீதா, நேத்து மீன் குழம்புல உப்பு கூட" என்றார்.

"அடியே! கேக்குதுடி! நல்லாவே கேக்குது!" என்று பரீதா அக்கா கத்தியதில் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் மாட்டிக்கொள்ளச் சம்மதித்தார்.

"அம்மா" என்றார் அக்கா.

அம்மா ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "என்னடி குரல் இப்படிக் கம்மிப்போயிருக்கு? மஞ்சத்தூள் போட்டுப் பால் குடிக்கலாம்ல?" என்று கேட்டார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் அம்மா அக்காவின் குரலைக் கேட்டது அதுவே முதல் முறை. அக்கா மைக்கை மடியில் வைத்துவிட்டு அழுதார்.

சொல்ல வேண்டியதை அக்கா இரண்டு நாள் கழித்துச் சொன்னார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். ஸ்கேனில் தெரிந்தது, மருத்துவர் சொன்னது, தாம் எடுத்த முடிவு எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி, மறைக்காமல் சொன்னார். அம்மாவின் வாயிலிருந்து வரப்போகும் 'வேணாம்' என்ற சொல்லுக்காக நான் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அதற்குப் பிறகு அக்கா எப்படித் தாங்குவார் என்பதே என் கவலை.

"வலிக்குதா?" என்றார் அம்மா.

"கொஞ்சம்."

"வீட்டுலயே இருப்பல்ல?"

"இருப்பேம்மா."

"சரி" என்றார் அம்மா.

அக்காவின் ஒரு முடிவுக்கு அம்மா முதல் வார்த்தையாகச் 'சரி' சொல்லி நான் கேட்டதே இல்லை. அக்காவும் கேட்டிருக்க மாட்டார். பிறகு அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோய் இன்னும் ஒன்று சொன்னார்.

அதன் பின் சில வாரங்களில் குரல் அறவே நின்றது. அம்மா கட்டிலருகில் நாற்காலி போட்டு அக்காவின் கையைப் பிடித்தபடி இருந்தார். ஒரு முற்பகலில், அந்தக் கை அம்மாவின் கைக்குள் இருக்கும்போதே அக்கா எங்களைப் பிரிந்தார்.

வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து கொடுத்த தாதியர்களுக்கும், அக்காவின் தொழிற்சாலைத் தோழர்களுக்கும், ஈமக் காரியங்களில் தோள் கொடுத்த டத்தோ கிராமாட் அண்டை அயலாருக்கும், பாலத்து நெரிசலில் மணிக்கணக்கில் மாட்டியும் வந்து சேர்ந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பரீதா அக்காவுக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார்; ஆனாலும் சொல்கிறேன். யார் பெயராவது விடுபட்டிருந்தால் தயவுசெய்து என்னைத் திட்டிவிடுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இக்கட்டுரை முழுவதையும் அக்காவின் பெட்டி வழியாக அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கே அழுதுவிடுவாரோ என்று பயந்து பயந்துதான் படித்தேன். அம்மா அழவில்லை. படித்து முடித்ததும், "அவ கடைசியா சொன்னத ஏன் போட்டிருக்க?" என்று கேட்டார்.

"எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்னுதாம்மா."

"வேணாம். அது என் காதுல சொன்னது."

அந்த வரியை எடுத்துவிட்டேன்.