மல்பெரிப் பட்டையில் ஒரு கோழி

என் மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் மாத்திரை அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு டப்பாவை விட்டுவிட்டுப் போனால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். டப்பாவுக்குள் பொடி எழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். யாரும் படிப்பதில்லை. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு, ஆனால் லேசில் கிழியாது. பழைய மடிப்பு போக இஸ்திரி போட்டு எடுத்தால், மடித்துப் பூச்சி செய்ய அதைவிட நல்ல காகிதம் திருப்பதியில் கிடையாது. கடையில் வேலை செய்கிற பெண்கள் அதையெல்லாம் ஒரு பையில் சேர்த்து வைப்பார்கள். முதலாளிக்கு முற்றிவிட்டது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டேதான் சேர்ப்பார்கள்.

முற்றியது எனக்கு மட்டும் இல்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். சதுரமான ஒரு காகிதத்தை வெட்டாமல், ஒட்டாமல், மடித்தே யானையும் நண்டும் செய்கிறவர்கள். ஒரிகாமி என்று சொன்னால், ஓ, ராக்கெட் விடறதா என்று கேட்பார்கள். அப்படிக் கேட்ட ஒரு சொந்தக்காரரோடு நான் ஒரு வருடம் பேசாமல் இருந்திருக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு, பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் கூடுவோம். நோயாளிகள் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நாற்காலிகளில் நாங்கள் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் சண்டை. தோசை பார்சல் கட்டும் பட்டர் பேப்பர் ஆகுமா ஆகாதா, ஸ்வீட் பெட்டியின் ஜிகினாத் தாளுக்குப் பின்னால் டிஷ்யூ ஒட்ட மைதாப் பசையா ஜவ்வரிசிக் கஞ்சியா என்று காலையில் தொடங்கினால் சாயந்தரம் வரை ஓடும்.

எங்களில் மூத்தவர் அக்கா. சித்தூரில் கணக்கு டீச்சராக இருந்தவர். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அதனால் அவர் கணவர் எங்களுக்கு மாமா. டாக்டரம்மா தெலுங்குக்காரர், அவருக்கு பாவகாரு. திருமலை மலைப்பாதையில் பல காலம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் மாமா. அக்காவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, பேப்பர் பொறுக்கறவங்க சங்கம் எத்தனை மணிக்கு முடியும் என்று எங்களிடம் கேட்டுவிட்டுப் போவார். உள்ளே மட்டும் வரமாட்டார். வீட்டில் தும்மினால் யானை பறக்கிறது, ஃபேன் போட்டால் நண்டு பறக்கிறது, மனுஷன் எங்கேதான் உட்காருவது என்று குறைப்பட்டுக்கொள்வார். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

போன வருடம் எங்களுக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. ஜப்பானில் நல்ல காகிதமெல்லாம் மல்பெரிப் பட்டையில் செய்கிறார்கள் என்று டாக்டரம்மா எங்கேயோ படித்துவிட்டார். அக்காவின் பிறந்த வீடு ராமகுப்பம், அவர் தம்பி அங்கே பட்டுப்புழு வளர்க்கிறார். புழு இலையைத் தின்ற பிறகு மிஞ்சுகிற குச்சி அவர்களுக்கு அடுப்பு விறகு. அதில் ஒரு கட்டு கிளினிக்குக்கு வந்து இறங்கியது. ஜப்பான்காரர் பயன்படுத்துகிற மல்பெரி வேறு ஜாதி, நம் ஊர்ப் புழு தின்கிற மல்பெரி வேறு ஜாதி என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பட்டையை உரித்து, சலவைச் சோடா போட்டு வேகவைத்து, உலக்கையால் குத்தி, வழவழப்புக்கு வெண்டைக்காய்த் தண்ணீர் ஊற்றி, கொசுவலைச் சட்டத்தில் அள்ளி, கிளினிக் கண்ணாடி ஜன்னலில் காயப்போட்டோம். பல் பிடுங்க வந்தவர்கள் வாசனையைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். காய்ந்ததெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரே ஒரு தாள்தான் தாளாக வந்தது. பழுப்பு நிறம், ஊடே ஊடே நார். அதை யாருக்குக் கொடுப்பது என்று பேச்சே எழவில்லை. அக்காவிடம் கொடுத்தோம்.

பெங்களூரில் காகிதம் மடிக்கிறவர்களின் மாநாடு நடக்க இருந்தது. நாங்கள் சேர்ந்து போவதென்று முடிவு செய்து, ரயில் டிக்கெட் போட்டு, உருவங்கள் வைத்த பெட்டிகளை மேல் பெர்த்தில் வைப்பதா, அப்போது மனிதர்கள் எங்கே படுப்பது என்று அடித்துக்கொண்டோம். அங்கே ஒவ்வொரு உருவத்தின் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை இருக்கும். அதில் யார் கை மடித்ததோ அவர் பெயர்தான் வரவேண்டும். அக்கா இதில் ரொம்பக் கண்டிப்பு. மடிக்கும்போது பக்கத்தில் இருந்தவர் ஒரு மூலையைத் திருத்திக் கொடுத்தாலும் அதைக் கொண்டுபோய் வைக்க மாட்டார்.

மாநாட்டுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அக்கா போய்விட்டார். காலையில் பால் அடுப்பில் வைத்தவர், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று உட்கார்ந்தார். அவ்வளவுதான். என் சொந்த அக்காவுக்கும் நான் அப்படி அழுதிருப்பேனா என்று தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு, மாமா முதல் முறையாகக் கிளினிக்குக்குள் வந்தார். கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. உள்ளே பஞ்சு மேல் ஒரு கோழி. மல்பெரித் தாளில் அக்கா தாமே யோசித்து மடித்தது. புத்தகத்தில் உள்ளது இல்லை, வரைபடம் இல்லை, யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. கழுத்தைச் சாய்த்து, மண்ணில் எதையோ பார்த்துவிட்டுக் கொத்தலாமா என்று யோசிக்கிற கோழி. கொண்டையில் மூன்று பல். அந்தத் தடித்த தாளில் அவ்வளவு பொடியாக எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

"அவ கை கடைசியா பட்டது இதான்," என்றார் மாமா. "சாவறதுக்கு மொத நாளு முடிச்சா. அவ வெச்ச மாதிரியே, அவ பேரு போட்டு, பெங்களூர்ல அந்த டேபிள் மேல இது ஒக்காரணும். நீங்க அத மட்டும் பண்ணுங்க."

பண்ணுகிறோம் என்றோம். அவர் ஸ்கூட்டர் வழியை அடைக்கிறது என்று கீழே யாரோ குரல் கொடுக்க, நகர்த்தி நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனார்.

காகிதம் மடிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல உருவம் கையில் கிடைத்தால் பிரித்துப் பார்ப்போம். பிரித்தால்தான் எப்படி வந்தது என்று தெரியும், பிறகு பழையபடி மடித்து வைத்துவிடுவோம். எங்களுக்குள் அது மரியாதை. அக்காவே எத்தனையோ முறை தம் உருவத்தை எங்கள் கையில் கொடுத்து, பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மாவின் விரல்கள் யோசிக்கவில்லை. கொண்டையைத் தளர்த்தினார், கழுத்தை விடுவித்தார், இறக்கையைத் திறந்தார். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டு ஆஹா, இங்கே பார், இப்படி உள்ளே தள்ளியிருக்கிறார் என்று வியந்துகொண்டிருந்தோம். மாமா படியேறி வந்தபோது மேஜை மேல் ஒரு சதுரத் தாள் கிடந்தது.

அவர் கோழி எங்கே என்று தேடுகிறவர் மாதிரி பெட்டிக்குள் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். டாக்டரம்மா எழுந்து, தெலுங்கில் என்னென்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டு அழுதார். ஒரே நிமிடம், இப்போதே மடித்துவிடுகிறேன் என்றார். மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் டாக்டரம்மாவை வாய்க்கு வந்தபடி பேசினேன். படித்தவர், தினம் ஒரு வாயைத் திறப்பதால் கண்ணில் பட்டதையெல்லாம் திறப்பீர்களா என்று கேட்டேன்.  அந்தக் கோழி என் கையில் முதலில் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று எனக்கே தெரியும், அதனால்தான் கோபம் இரண்டு மடங்கு. அன்று முழுக்க அவர் தாளை மடித்துத் தருகிறேன் என்று கெஞ்சினார். மடித்தால் அது டாக்டரம்மா மடித்த கோழி. அக்கா பெயரை அதில் எப்படிப் போடுவது? அக்காவே விடமாட்டாரே.

அடுத்த வாரம் கடையை மூடிவிட்டு, தாளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா கதவைத் திறந்தார். உட்கார் என்று சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். தாளை அவர் முன்னால் விரித்தேன்.

"இத்த எதுக்கு எடுத்துக்கினு வந்த?" என்றார்.

கோழி எங்கேயும் போகவில்லை, இதற்குள்தான் இருக்கிறது என்றேன். அவருக்கு எரிச்சலாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் கோடுகள் எழுந்து தெரிந்தன. அக்கா மடித்த ஒவ்வொரு மடிப்பும் ஒரு கோடு. மேடாக நிற்பது ஒன்று, பள்ளமாக இறங்குவது ஒன்று. நகத்தால் அழுத்திய இடங்கள் பளபளத்தன. உங்கள் விரலை அதன் மேல் வைத்து லேசாகத் தள்ளுங்கள், அது போகிற பக்கம் விடுங்கள், என் கை படாது என்று சொல்லிக் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

அவர் விரல்கள் தடிமன். முதலில் காகிதத்தைச் சுட்ட அப்பளம் மாதிரி பயந்து பிடித்தார். முதல் கோட்டில் அழுத்தியதும் தாள் தானாகவே மடங்கியது. திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். பிறகு அடுத்தது. எந்தக் கோடு முதலில், எது பிறகு என்று மட்டும் நான் வாயால் சொன்னேன். இரண்டு முறை தவறி, பிரித்து, மறுபடி வந்தார். இறக்கை வந்தது. வளைவு வளைவாப் போட்டு வெச்சிருக்கா, ஆனா வண்டி எங்கேயும் இடிக்கல என்று முனகினார். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

கழுத்துக்கு வந்தபோது தாள் நின்றுவிட்டது. அவர் அழுத்திய கோடு எங்கேயும் சேரவில்லை, பாதியில் முடிந்துபோயிற்று. நான் தப்பு பண்ணிட்டேனா என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே, நெல்லளவு தள்ளி, இன்னொரு கோடு இருந்தது. நீங்கள் இல்லை மாமா, அக்காதான் என்றேன். இங்கே அக்கா முதலில் தவறாக மடித்துவிட்டு, பிறகு பிரித்துச் சரியான இடத்தில் மடித்திருக்கிறார்.

மாமா அந்த இரண்டு கோடுகளையும் மாறி மாறித் தடவினார். இவ்வளவு வருஷத்தில் தப்பு என் பக்கம் என்று அவ ஒரு நாள்கூட ஒப்புக்கொண்டதில்லை என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. நான் சமையல்கட்டுக்குப் போய் இரண்டு டம்ளர் காபி போட்டேன். பால் எங்கே, சர்க்கரை எங்கே என்று தேட வேண்டியிருந்ததால் நேரமாயிற்று, அதுவும் நல்லதாகப் போயிற்று.

வெயில் இறங்கும்போது கோழி மேஜை மேல் நின்றது. அக்காவின் கோழி மாதிரி அவ்வளவு சீராக இல்லை. கொண்டையில் ஒரு பல் சாய்ந்திருந்தது. ஆனால் கழுத்தின் அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. எனக்கு உயிர் வந்தது. அட்டையில் இரண்டு பேர் பெயரையும் போட்டுவிடலாம், அக்காவே இதற்கு ஒத்துக்கொள்வார், நான் பத்திரமாகக் கொண்டுபோகிறேன் என்று சொல்லி, ஸ்வீட் பெட்டியை எடுத்துப் பஞ்சைச் சரிசெய்தேன்.

திரும்பிப் பார்த்தால் மாமா கொண்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தார். பிறகு கழுத்து. பிறகு இறக்கை. கோழி மறுபடி சதுரமாயிற்று.

நான் பதறிப்போனேன். மாமா, இது நாங்களே வேகவைத்த பட்டை, நல்ல காகிதம் இல்லை, இப்படிப் பிரித்துப் பிரித்து மடித்தால் மூலையில் கிழிந்துபோகும், அப்புறம் மாநாட்டுக்கு வைக்க ஒன்றுமே இருக்காது என்றேன்.

"டேபிளுக்கு வேற எதுனா வெச்சுக்கோங்க," என்றார். தாளை நேராக்கி, முதல் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்தார். "கொஞ்ச நேரம் அவ கூட போய்க்கினு இருந்தேன். இன்னொரு வாட்டி போய்ட்டு வரேன், இரு."