யார் வீட்டுக் கல்யாணப் பை?

அயர்லாந்துக்கு வந்த முதல் வாரம். சூப்பர் மார்க்கெட் வாசலில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர் இரண்டு கையிலும் பால் கேன், கக்கத்தில் ரொட்டி, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் முட்டை அட்டை என்று இடுக்கிக்கொண்டு மழையில் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பாவம், மனுஷனுக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்தபடி உள்ளே போனேன். கால் மணி நேரத்தில் நானும் அதே கோலத்தில் வெளியே வந்தேன்.

நடந்தது இதுதான். பில் போடுகிற பெண்ணிடம் "கவர் ப்ளீஸ்" என்றேன். கடலூரில் பிறந்தவனுக்கு பிளாஸ்டிக் பை என்றால் கவர்தான். அது சுத்தமான இங்கிலீஷ் என்றுதான் முப்பது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் "சிங்கிளா, டபுளா?" என்று கேட்டாள். சாமான் கனம் என்பதால், நம்மூர் அண்ணாச்சி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கவர் போட்டுத் தருவாரே, அதுபோலத்தான் கேட்கிறாள் என்று எண்ணி "டபுள்" என்றேன். ஏழாவது வரிசைக்குப் போகச் சொன்னாள். அங்கே இரண்டு பேர் படுக்கிற மெத்தைக்கான போர்வை உறைகள் அடுக்கியிருந்தன. திரும்பி வந்து பக்கத்து ஆள் கையில் இருந்ததைக் காட்டியபோதுதான் "ஓ, பேக்" என்று அதன் விலையைச் சொன்னாள். சிதம்பரத்தில் அந்தக் காசுக்கு டீயும் வடையும் சாப்பிடலாம். வீம்பில் வேண்டாம் என்றுவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஆலன், ஓய்வுபெற்ற தபால்காரர், அன்று நான் நனைந்து வந்ததைப் பார்த்துச் சிரித்தார். பைக்கு வரி போடுவதற்கு முன் இங்கேயும் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பை தொங்குமாம். சூனியக்காரிகளின் உள்ளாடை என்று அதற்குப் பெயராம். வரி வந்த பிறகு வேலியெல்லாம் வெறும் வேலியாகிவிட்டது என்றார். எனக்குக் கெடிலம் ஆற்றுப் பாலம் நினைவுக்கு வந்தது. அங்கே கருவேல முள்ளில் கறுப்பும் வெள்ளையுமாகக் கவர்கள் படபடக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் கால்வாய் அடைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் தண்ணீர் நிற்கும். காரணம் கவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோர் கையிலும் கவரும் இருக்கும்.

புதிதாக ஞானம் வந்தவன் சும்மா இருப்பானா? ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டு சிதம்பரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். ஸ்டெல்லா என் மனைவி, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரா வாரம் போனில் அவனுக்குப் பாடம் எடுத்தேன். நம் ஊரிலும் தடைச் சட்டம் இருக்கிறது, எல்லாக் கடையிலும் மேசைக்கு அடியில் கவரும் இருக்கிறது, நீயாவது நிறுத்து என்றேன். அவன் நல்ல பையன், நிறுத்திவிட்டான். "கவர் கிடையாது, பை கொண்டு வரவும்" என்று போர்டும் மாட்டினான். மூன்றே மாதத்தில் அவன் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள்.

"உங்க பேச்ச கேட்டு என் தம்பி கடையயே மூடிட்டு நிக்கப் போறான்" என்றாள் ஸ்டெல்லா. அவள் கோபம் நியாயமானது. உபதேசம் என்னுடையது, பிழைப்பு அவனுடையது. லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல் நாள் அவன் கடைப் பக்கமே நான் போகவில்லை.

போன மறுநாளே மானம் போயிற்று. கடலூர் முதுநகர் துறைமுகத்தில், சிதம்பரத்து மாமியார் வீட்டுக்கு வஞ்சிரம் வாங்கினேன். மீன்காரம்மா கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார், நானும் பழக்கத்தில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சிதம்பரத்தில் இறங்கி நேராக ஜெரால்டு கடைக்குள் நுழைந்தேன். கவர் இல்லை என்பதற்காகத் துவரம்பருப்பை வாங்கலாமா வேண்டாமா என்று நின்றிருந்த ஒரு அம்மா என் கையைப் பார்த்தார்.

"போர்டு மாட்டச் சொன்ன வெளிநாட்டு மாமா இவருதானா?" என்றார்.

ஜெரால்டு தலையை மட்டும் ஆட்டினான். அந்த அம்மா பருப்பை வைத்துவிட்டு எதிர்ச் சாரிக்கு நடந்தார். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"நாளையிலேர்ந்து கவர் வாங்கி வச்சுடறேன் மாமா. முடியல" என்றான்.

"ரெண்டு நாள் பொறு மச்சான்" என்றேன், கையில் எந்த யோசனையும் இல்லாமலே.

யோசனை ஸ்டெல்லாவுக்குத்தான் வந்தது. மாமியார் வீட்டு பீரோவின் அடித்தட்டைத் திறந்தாள். கல்யாணத்துக்குப் போனால் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுத் தருவார்களே, மணமக்கள் பெயர் அச்சடித்த துணிப் பை, அது நாற்பதுக்குக் குறையாமல் மடித்துக் கிடந்தது. தூக்கி எறிய மனசு வராது, பெயர் இருக்கிறதே. எல்லாவற்றையும் கடை வாசலில் வரிசையாக ஆணியில் மாட்டினோம். பை கொண்டுவராதவர்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், மறுமுறை வரும்போது திருப்பி மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஜனங்கள் சாமான் வாங்குவதற்கு முன் பை படிக்க ஆரம்பித்தார்கள். "இது பரங்கிப்பேட்டை பாய் வீட்டுதாச்சே, பிரியாணிக்கு நானும் போயிருந்தேன்." "இந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க." திருவந்திபுரம் கோவிலில் நடந்த கல்யாணமும் மாதாகோவில் கல்யாணமும் ஒரே ஆணியில் தொங்கின. ஒரு பெரியவர் மட்டும் பையைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, பாம்பைத் தொட்டதுபோல் திருப்பிக் கொடுத்தார்.

"இது எங்க பங்காளி வூட்டுப் பை. இத தூக்கிட்டு நான் தெருவுல போவணுமா? வேற குடு."

ஜெரால்டு முகம் மாறாமல் வேறு பை கொடுத்தான். பிறகு அவரவர் வீட்டு பீரோவிலிருந்தும் பைகள் வந்து சேர்ந்தன. என் சொந்தக்காரர் கல்யாணப் பை இங்கே இல்லையே என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. பருப்பை வைத்துவிட்டுப் போன அம்மாவும் திரும்பி வந்தார். லீவு முடியும்போது கடையில் பழையபடி கூட்டம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பெருமை முழுவதும் ஸ்டெல்லாவுக்குப் போனாலும்.

அயர்லாந்துக்குத் திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தால், மாமியார் கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூளும் வடகமும் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. "கார்த்திகேயன் – சங்கீதா" என்று போட்டிருந்தது. யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அதைத்தான் இப்போது சூப்பர் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகிறேன். பில் போடுகிற பெண் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். உங்கள் பெயரா என்றாள். விளக்கிச் சொல்லச் சோம்பல்பட்டு ஆமாம் என்றுவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கடையில் நான் கார்த்திக். சங்கீதா சௌக்கியமா என்று வாராவாரம் அக்கறையாக விசாரிக்கிறாள்.

போன ஞாயிறு ஜெரால்டு கூப்பிட்டான். கடை நன்றாகப் போகிறதாம். கொஞ்சம் இழுத்தான்.

"மாமா, மஞ்சப் பை ஒண்ணு கொறையுது. கார்த்திகேயனோட அம்மா வந்து, எம் புள்ள பை எங்கன்னு கேக்குறாங்க. அங்க வந்துடுச்சா?"

"இங்கதான் இருக்கு மச்சான். கடைக்கு அதத்தான் எடுத்துட்டுப் போறேன்."

"நல்லா எடுத்துட்டுப் போங்க. ஆனா எடுத்தவங்க கொண்டாந்து மாட்டணும். எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

"கொண்டாந்து மாட்டிடறேன்."

"எப்ப வர்றீங்க, அவுங்களுக்குச் சொல்லணும்" என்றான். பக்கத்தில் ஸ்டெல்லா காய்கறி நறுக்குவதை நிறுத்திவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்தாள்.